பத்மினியின் அடித்தகடு: ரெட் ஆக்சைடா, எபாக்ஸியா, துருவுக்கு மேலேயே அடிக்கிற பெயின்டா?

கொல்லங்கோடு_பத்மினி:

அப்பாவின் 1984 பிரீமியர் பத்மினி. ஒன்பது வருடமாகப் பலாமரத்தடி ஷெட்டில் கிடந்தது. வீட்டிலிருந்து கடல் ஒன்றரைக் கிலோமீட்டர், ஆடிக் காற்றில் ஜன்னல் கம்பியைத் தொட்டாலே கை உப்பாகப் பிசுபிசுக்கும். என்ஜினை இறக்கியாச்சு, அதில் பெரிய கவலை இல்லை. போன வாரம் உள்ளே விரித்திருந்த மேட்டைத் தூக்கிப் பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது. ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே வந்தேன், நடுவில் டங் டங் என்று நல்ல சத்தம், டிரைவர் பக்க ஓரத்துக்கு வந்ததும் பொத். திருப்பிப் பிடித்து முனையால் லேசாக அழுத்தினேன், ஓட்டை வழியாக ஷெட் தரையில் எறும்பு போவது தெரிந்தது.

பத்மினிக்குத் தனி சேசிஸ் கிடையாது, தகடுதான் அதற்கு எலும்பு, அதனால் இதை மேல்பூச்சாக விட முடியாது. போனதை வெட்டி 20 கேஜ் தகடு வைத்து வெல்டிங் செய்யப்போகிறோம், அதில் குழப்பம் இல்லை. அதன் மேல் என்ன அடிப்பது என்பதில்தான் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். மார்த்தாண்டத்து பெயின்டர் ரெட் ஆக்சைடு இரண்டு கை, அடியில் தார் அண்டர்கோட்டிங், போதும் என்கிறார். பாறசாலைப் பட்டறைச் சேட்டன் பிளாஸ்டிங் (மணலை வேகமாக அடித்துத் துருவை எடுப்பது) செய்து எபாக்ஸி அடிக்காமல் வண்டியைத் தொட மாட்டேன் என்கிறார். துபாயில் இருக்கும் மச்சான் துருவுக்கு மேலேயே அடிக்கிற மாய்ஸ்சர் க்யூர் பெயின்ட் இரண்டு டப்பா வாங்கிவிட்டான், அடுத்த மாதம் வருகிறான். யார் பேச்சைக் கேட்பது?

செங்கோட்டை_அம்பி:

தம்பி, தாரை மட்டும் அடிக்க விடாதீர்கள். என் 1978 மார்க் 3 அம்பாசிடருக்கு ஒரு பட்டறையில் துருவைச் சரியாகச் சுரண்டாமல் மேலே தார் பூசிக் கொடுத்தார்கள், பார்க்கக் கன்னங்கரேலென்று அழகாகத்தான் இருந்தது. இரண்டு மழைக்காலம் கழித்து ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தேன், கல்லிலிருந்து தோசை உரிவது போல முழுத் துண்டாக வந்தது, அடிப்பக்கம் முழுக்கத் துரு ஒட்டிக்கொண்டு. சரளைக் கல் பட்டு எங்கோ ஒரு கீறல் விழுந்தால் போதும், உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே உட்கார்ந்து தின்னும். நல்ல பூச்சுக்கு மேல் கல்லடி தாங்க ஒரு ரப்பர் கோட்டிங் என்றால் சரி, துருவை மூடி மறைக்கத் தார் என்றால் அது வண்டியை விற்கப்போகிறவன் வேலை.

ரெட் ஆக்சைடு கெட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது தண்ணீரை முழுசாகத் தடுக்காது, ஈரம் மெதுவாக ஊடுருவும், மேலே நல்ல டாப் கோட் இல்லாமல் விட்டால் கொஞ்ச நாளில் தகட்டில் துரு பூக்கும். இரண்டு டப்பா கலக்கிற எபாக்ஸி பிரைமர்தான் தடுப்பு. ஆனால் அதற்கு வெறும் தகடு வேண்டும், துருவும் பழைய பெயின்டும் எண்ணெயும் இல்லாத, எமரி போட்டுச் சொரசொரப்பாக்கின தகடு. இரண்டாவது டப்பாவில் இருக்கிற, பெயின்டை இறுக வைக்கும் ஹார்ட்னரைக் கண்ணளவில் ஊற்றாதீர்கள், டப்பாவில் போட்ட விகிதத்தை அளவுக் குவளையில் அளந்து கலக்குங்கள், கலக்கின பிறகு ஊற விடச் சொல்லியிருந்தால் அந்த நேரம் விடுங்கள். டாப் கோட் அடிக்கவும் கெடு உண்டு. அது தாண்டிவிட்டால் மறுபடி எமரி போட்டுத்தான் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மேல் கோட் உரியும்.

இன்னொன்று, பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பப் பூசுகிற பசை. நம்மூரில் தகட்டில் நேராகப் பட்டி பூசி மேலே பிரைமர் அடிப்பார்கள். பட்டி தண்ணீர் குடிக்கும். எபாக்ஸி முதலில், பட்டி அதன் மேல், அதற்கும் மேல் மறுபடி பிரைமர்.

எப்போது அடிப்பது என்பதும் முக்கியம். இங்கே குற்றாலச் சாரல் வந்தால் ஊருக்கே கொண்டாட்டம், ராத்திரி சுரண்டி வைத்த தகடு மட்டும் விடிவதற்குள் பழுப்பாகிவிடும். காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அடிக்காதீர்கள். தகட்டின் சூடு பனி படிகிற நிலையை விட 3 டிகிரியாவது கூட இருக்க வேண்டும். ஒரே நாளில் பிரைமர் அடிக்க முடிகிற அளவு இடத்தை மட்டும் சுரண்டுங்கள்.

பழைய_ரென்ச்:

கோவிந்தாபுரம் பக்கம் என் பியட் ரெட் ஆக்சைடிலேயே இருபது வருடமாக ஓடுகிறது. இதற்குப் போய் இவ்வளவு விஞ்ஞானமா.

கொல்லங்கோடு_பத்மினி:

அண்ணே, உங்களுக்கு அடிப்பது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, எனக்கு அடிப்பது உப்பு. ஒரு ஆடி மாதம் வண்டியை இங்கே கொண்டுவந்து நிறுத்துங்கள், அப்புறம் பேசலாம் :)

படகுப்பட்டறை:

தேங்காப்பட்டணம் பக்கம் இரும்புப் படகுக்கு பெயின்ட் அடிப்பதுதான் என் தொழில். மேலே செங்கோட்டை அண்ணன் சொன்னதெல்லாம் சரி, உப்பை மட்டும் விட்டுவிட்டார். துருவின் குழிக்குள் உப்பு உட்கார்ந்திருக்கும், கிரைண்டரில் வயர் பிரஷ் போட்டால் அது போகாது, பளபளவென்று தேய்த்து இன்னும் உள்ளே அமுக்கிவிடும். அதன் மேல் எவ்வளவு விலை பெயின்ட் அடித்தாலும் உப்பு ஈரத்தை உள்ளே இழுத்துக் கொப்புளம் கிளப்பும். அதனால் எமரி போடுவதற்கு முன்னால் ஒரு தடவை, பிறகு ஒரு தடவை, நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி உடனே காற்றடித்துக் காய வையுங்கள். கடற்கரைக் கிணறு உப்புக் கரிக்கும், அந்தத் தண்ணீர் ஆகாது.

பிளாஸ்டிங் செய்கிறவர் என்ன மணல் போடுகிறார் என்று கேளுங்கள். கடல் மணல் என்றால் வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள், உப்பை எடுக்கப் போய் உப்பையே அடித்து ஏற்றுகிற கதை. சாதா மணலின் தூசு நுரையீரலுக்கும் கேடு. கார்னெட் மணல் கேளுங்கள், நம்ம மணவாளக்குறிச்சி ஐ.ஆர்.இ.எல். ஆலையில் இல்மனைட்டோடு சேர்த்துப் பிரிக்கிற சிவப்பு மணல்தான் அது. (அந்த இல்மனைட்டிலிருந்துதான் வெள்ளை பெயின்டுக்கான டைட்டானியம் வருகிறது, நம்ம கடற்கரையே ஒரு பெயின்ட் கடை.) ஆனால் கூரைக்கும் பானட்டுக்கும் பிளாஸ்டிங் வேண்டாம், மெல்லிய தகடு அலையலையாக வளைந்தால் அதை நிமிர்த்த முடியாது. அங்கே பெயின்ட் ரிமூவரும் கை எமரியும் போதும்.

துருவை மாற்றும் கன்வெர்ட்டர் என்று விற்பதில் ஒரு வகை டானிக் அமிலம். வாழைக்காய் நறுக்கினால் இரும்பு அரிவாள்மணை கறுக்கிறதே, அதே வேலைதான், துருவைக் கறுப்பாக மாற்றிக் கெட்டிப்படுத்தும். கை எட்டாத மூலைக்கு மட்டும் அது. எபாக்ஸி அடிக்கிற இடத்தில் வேண்டாம், அமிலம் மிச்சமிருந்தால் பல எபாக்ஸி சரியாகப் பிடிக்காது.

கொல்லங்கோடு_பத்மினி:

உப்பு விஷயம் யாருமே சொல்லவில்லை, நன்றி அண்ணே. இரண்டு சந்தேகம். மச்சான் கொண்டுவரும் டப்பாவை என்ன செய்வது? ரன்னிங் போர்டு பெட்டிக்குள்ளும் (கதவுக்குக் கீழே ஓடுகிற, உள்ளே வெற்றான தகட்டுப் பெட்டி) கதவுக்குள்ளும் ஸ்ப்ரே துப்பாக்கியே போகாதே, அங்கே எப்படி?

படகுப்பட்டறை:

வீணாக்க வேண்டாம். அது குழி விழுந்த, சொரசொரப்பான இரும்பில்தான் நன்றாகப் பிடிக்கும். முன் சஸ்பென்ஷன் கை, பின் ஆக்சில், பட்டைகள், இதுக்கெல்லாம் அடியுங்கள். வழவழப்பான புதுத் தகட்டில் அடித்தால் பாம்புச் சட்டை மாதிரி உரியும். வெயில் படுகிற இடத்தில் மேலே வேறு பெயின்ட் வேண்டும். இன்னொன்று, அது காற்றின் ஈரத்தில்தான் இறுகும், நம்ம ஊரில் ஈரத்துக்கா பஞ்சம், டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்தால் சாயங்காலத்துக்குள் பாகு மாதிரி ஆகிவிடும். தேவையானதைக் கிண்ணத்தில் ஊற்றிவிட்டு உடனே மூடுங்கள். விளிம்பைத் துடைத்து, மூடிக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் வையுங்கள், மறந்தால் மூடி அப்புறம் திறக்கவே திறக்காது. ஸ்ப்ரேயில் அடித்தால் காற்றுக் குழாய் போட்ட முகமூடி வேண்டும், துணி கட்டிக்கொண்டு அடிக்கிற வேலை இல்லை இது, அந்த பெயின்டில் இருக்கிற ஐசோசயனேட் மூச்சுக்குழாயை வாழ்நாள் முழுக்கப் பாதிக்கும்.

கொழிஞ்சாம்பாறை_காரர்:

பெட்டிக்குள் பெயின்டைப் பற்றியே யோசிக்காதீர்கள், மெழுகுதான். கேவிட்டி வேக்ஸ் என்று கேட்டால் கிடைக்கும், நீள ட்யூபும் சுற்றிலும் தெளிக்கிற முனையும் சேர்த்து வாங்குங்கள். ட்யூபைக் கடைசி வரை விட்டு, இழுத்துக்கொண்டே அடிக்க வேண்டும், தகடு சேருகிற மடிப்புகளில் அது தானாக ஊர்ந்து இறங்கும். ஆனால் வெல்டிங், பெயின்ட் எல்லாம் முடிந்த பிறகுதான். முன்னாலேயே அடித்தால் வெல்டிங்கில் தீப்பிடிக்கும், பெயின்டும் ஒட்டாது. வெல்டிங் செய்கிற மடிப்புகளுக்குள் முதலிலேயே ஜிங்க் பிரைமர் அடித்து வையுங்கள், வெல்டிங்கில் அந்த ஜிங்க் எரிந்து வருகிற புகை காய்ச்சல் கொண்டுவரும், பால் குடித்தால் சரியாகிவிடும் என்று வெல்டர்கள் சொல்வதை நம்பாமல் கதவு ஜன்னலைத் திறந்து வைத்து வேலை பாருங்கள்.

பழைய என்ஜின் ஆயில் ஊற்றச் சொல்வார்கள். அதில் அமிலம் இருக்கிறது, ரப்பரையும் ஊத வைக்கும். எங்கள் பெரியப்பா தேங்காய் எண்ணெயே ஊற்றினார், துரு நின்றதா தெரியவில்லை, எலி வந்தது.

எல்லாவற்றுக்கும் முன்னால் கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடிகிற துளைகளைப் பாருங்கள். என் வண்டியில் பழைய பெயின்டர் அத்தனையையும் பட்டி வைத்து அழகாக அடைத்திருந்தார்.

கொல்லங்கோடு_பத்மினி:

அப்படியென்றால் தரையும் வெளித்தகடும் எபாக்ஸி, அடிச்சாமான்களுக்கு மச்சானின் டப்பா, பெட்டிகளுக்குக் கடைசியில் மெழுகு. வெல்டிங்கை இப்போது முடித்துவிட்டு பெயின்டை மாசிக்குத் தள்ளிவிட்டேன், மார்த்தாண்டத்துக்காரர் கோபித்துக்கொண்டார், பாறசாலைச் சேட்டன் கார்னெட்டுக்கு ஒத்துக்கொண்டார்.

கதவுத் துளையைப் பற்றிப் படித்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். டிரைவர் கதவில் துளையே தெரியவில்லை. ஆணியால் சுரண்டி, ஓர் ஈர்க்கை உடைத்துக் குத்தினேன். அரைத் தம்ளர் செங்காவித் தண்ணீர் கை வழியே ஒழுகியது. இங்கே மழை பெய்து ஒன்பது நாள் ஆகிறது.