மண் சுவரில் ஓதம் ஏறுகிறது, சிமெண்ட் பூச்சு பெயர்கிறது. என்ன செய்யலாம்?

சரிவுவீடு:
வணக்கம். மலைச்சரிவில் நாங்களே கட்டிய மண் வீடு, குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. களிமண், மணல், வைக்கோல் சேர்த்து மிதித்து ஒன்றரை அடி கனத்துக்கு எழுப்பிய சுவர். முதல் மழையிலேயே மேட்டுப்பக்கச் சுவரின் அடி சாரலில் கரைந்ததால், இரண்டடி உயரத்துக்கு சிமெண்ட் பூசிவிட்டோம். இப்போது அதைத் தட்டினால் டொப் டொப் என்று சத்தம் வருகிறது, உள்பக்கம் முழங்கால் உயரத்துக்கு ஓதம். நேற்று ஓர் ஓரத்தைக் கரணையால் நெம்பினேன், பலகை மாதிரி பெயர்ந்து வந்தது. பின்னால் இருந்த மண் பிசைந்த மாவாக விரலில் ஒட்டியது, வைக்கோல் கறுத்து மக்கல் வாடை. இன்னும் கனமாகப் பூசினால் நிற்குமா? குழந்தைகள் அந்த அறையில்தான் படுக்கிறார்கள்.

செம்மண்கை:
தயவுசெய்து இன்னொரு பூச்சு வேண்டாம், இருப்பதையும் முழுக்க எடுத்துவிடுங்கள். மண் சுவர் ஈரத்தை வாங்கும், காற்றும் வெயிலும் பட்டால் திருப்பி விட்டுவிடும், அதன் இயல்பே அதுதான். சிமெண்ட் பூசினால் மழைநீர் மயிரிழை வெடிப்பு வழியாக உள்ளே போய்விடும், ஆனால் வெளியே வர வழி இருக்காது, சுவர் உள்ளுக்குள்ளேயே ஊறும். நன்றாகக் காய்ந்த பிறகு சுண்ணாம்புப் பூச்சு போடுங்கள், ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல், மெல்லிசாக இரண்டு மூன்று தடவை. சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்து மெல்ல மெல்லக் கல்லாக இறுகும், அப்போதும் சுவரின் ஈரத்தை வெளியே விடும். ஆனால் பனி உறையும் காலத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும், ஈரப் பூச்சு உறைந்தால் பொடிப்பொடியாக உதிரும்.

ஊற்றுக்கண்:
பூச்சு சரி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தீர்களா? மேட்டுப்பக்கம் மட்டும் ஓதம் என்றால் சாரல் மட்டும் காரணமாக இருக்காது, சரிவுக்குள் ஊறி இறங்கும் தண்ணீர் கடைக்காலில் வந்து முட்டுகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கல் கடைக்கால் தரைக்கு மேல் எவ்வளவு தெரிகிறது? ஒன்றரை அடியாவது வேண்டும். இறவாரம், அதாவது சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பு, இரண்டடிக்குக் குறையாமல் நீட்டியிருக்க வேண்டும்.

சரிவுவீடு:
கடைக்கால் ஒன்றரை அடி வைத்தோம், ஆனால் மேட்டிலிருந்து மண் சரிந்து சேர்ந்து இப்போது ஒரு சாண்கூடத் தெரியவில்லை. இறவாரம் ஓரடிதான்.

ஊற்றுக்கண்:
அப்படியென்றால் சுவர் மண்ணுக்குள் புதைந்து நிற்கிறது. முதல் வேலையாக அந்த மண்ணை வாரி எடுங்கள். அப்புறம் வீட்டிலிருந்து பத்தடி தள்ளி மேட்டில் குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டி, சரளை போட்டு, நெடுக ஓட்டை போட்ட குழாய் புதைத்து, தண்ணீரை வீட்டைத் தாண்டிப் பள்ளத்தில் இறக்குங்கள். சுவரை ஒட்டி மட்டும் ஆழமாகத் தோண்டாதீர்கள், கடைக்கால் அடியோடு சரியும்.

வைக்கோல்போர்:
மக்கிய இடத்தைச் சுரண்டி எடுத்தபின் பச்சை மண்ணை அப்படியே அப்பாதீர்கள், காயும்போது சுருங்கி இடைவெளி விடும். அதே கலவையில் மண் கல் அறுத்து முழுக்கக் காயவைத்து, மண் சாந்தில் பதித்து அடையுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு முழ நீளத்துக்கு மேல் சுரண்டக்கூடாது, அதற்கும் முன்னால் கூரைக்கு முட்டுக் கொடுத்துவிடுங்கள்.

சரிவுவீடு:
எல்லோருக்கும் நன்றி. காலையில் மண்ணை வாரும்போதே, கடைக்கால் கல்லிடுக்கில் விரல் கனத்துக்குத் தண்ணீர் ஓடுவதைப் பார்த்தேன், மழை நின்று ஐந்து நாள் ஆகிறது. குழந்தைகளை வேறு அறைக்கு மாற்றிவிட்டோம். நாளைக்கு மேட்டில் வாய்க்கால் வெட்டத் தொடங்குகிறோம்.