ஆட்டோ ஸ்டேண்ட் சங்கம்: கணக்குப் பார்க்கிற குரூப்

குமரேசன் (செயலாளர்): மகாசபைக்கு இன்னும் 15 நாள்தானுங்க இருக்குது. 2025 வரவு செலவை அதுக்குள்ள முடிச்சாகோணும். சம்பத், புக்கெல்லாம் ஐயாகிட்டக் குடுத்தாச்சா?

சம்பத் (பொருளாளர்): குடுத்துட்டனுங்ணா. கேஷ் புக், ரசீது புக் 3, வவுச்சர் (செலவுச் சீட்டு) ஃபைல், பாஸ்புக். போன ஏப்ரல்ல இருந்து பேங்க் ஸ்டேட்மென்ட்டும் வெச்சிருக்கேன்.

ராமசாமி ஐயா (தணிக்கை பார்க்கிறவர்): ஏப்ரல் எதுக்கு தம்பி? சங்கத்துக்கு வருசம் ஜனவரி 1ல ஆரம்பிச்சு டிசம்பர் 31ல முடியும். வருமான வரி வருசம் வேற. 1926 தொழிற்சங்கச் சட்டத்துலயும் இப்படித்தான், அதுக்குப் பதிலா 2025 நவம்பர் 21ல அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்புலயும் இப்படித்தான். ஜனவரில இருந்து ஸ்டேட்மென்ட் எடுங்க. போன ஆண்டறிக்கைல இருக்கிற கடைசி இருப்பும், இந்தக் கேஷ் புக்கோட முதல் வரியும் ஒரே தொகையா இருக்கோணும். அது ஒத்து வராம அடுத்த பக்கத்தைத் திருப்பவே கூடாது.

சம்பத்: சரிங்கய்யா. அது ஒத்துதான் இருக்குது.

தேவி: சந்தாவை நான் கூட்டிப் பார்த்துட்டேன். 62 பேர், மாசம் 50, வருசத்துக்கு 37,200 வரோணும். ரசீது புக்குல நிக்கிற அடிக்கட்டைப்படி 34,650. அப்ப பாக்கி 2,550, அதாவது 51 மாசச் சந்தா. ஆனா உறுப்பினர் பதிவேட்டுல பாக்கின்னு சிவப்பு மை வெச்சது 49 மாசந்தான் வருது.

ஜாகிர்: ரெண்டு மாசம் இடிக்குது. நூறு ரூபாதானக்கா?

ராமசாமி ஐயா: நூறா லட்சமான்னு பார்க்கிறதில்ல கண்ணு. பதிவேட்டுல கட்டுனதா இருக்குது, அடிக்கட்டைல இல்ல. ரசீது நம்பரை வரிசையா ஓட்டிப் பார்த்தீங்களா?

தேவி: பார்த்தனுங்க. 201லிருந்து 300 வரைக்கும் இருக்கிற புக்குல 247 இல்ல. அசலும் இல்ல, அடிக்கட்டையும் இல்ல. 246க்கு அப்புறம் நேரா 248.

சம்பத்: தப்பா எழுதிக் கிழிச்சிருப்பேன்.

ராமசாமி ஐயா: தப்பா எழுதினா கிழிக்கப்படாது. ரெண்டு தாளையும் புக்குலயே விட்டு, குறுக்க ‘ரத்து’ன்னு எழுதிக் கையெழுத்துப் போடோணும். தணிக்கைல முதல்ல கை வைக்கிற இடம் அதுதான்.

சம்பத்: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

குமரேசன்: சம்பத், கோபப்படாத. யாரும் உன்னைச் சொல்லல.

ஜாகிர்: பேங்குல கட்டுனது எவ்வளவுங்க?

தேவி: 29,400. வசூல்ல இருந்தே நேரா செலவு பண்ணது 4,610. கேஷ் புக்படி கைரொக்கம் 640. டிசம்பர் 31 ராத்திரி எண்ணி எழுதின சீட்டுல 740.

சம்பத்: அதிகமாத்தானக்கா இருக்குது, குறையலயே 🙂

ராமசாமி ஐயா: குறைஞ்சா யாரோ எடுத்திருக்காங்க. கூடுனா யாரோ குடுத்த பணத்தை நாம எழுதல. ரெண்டும் ஒரே தப்புதான். அந்த நூறும் இந்த நூறும் பக்கத்துப் பக்கத்துல நிக்குது பாருங்க.

அதைவிடப் பெருசு அந்த 4,610. வசூலான பணம் முழுசாப் பேங்குக்குப் போகோணும், செலவுக்கு அங்கிருந்து எடுக்கோணும். வசூல்லயே கை வெச்சா பாஸ்புக்கு வேற கதை சொல்லும், கேஷ் புக்கு வேற கதை சொல்லும். சில்லறைச் செலவுக்கு மாசம் 500 தனியா வெச்சு, தீரத் தீர வவுச்சர் காட்டி வாங்கிக்கங்க.

குமரேசன்: ஸ்டேண்டு தூணுல ஒட்டியிருக்கிற கியூஆர் யாரோட அக்கவுண்ட்டுங்க அது?

சம்பத்: என்னோடதுதானுங்ணா. வாரம் ஒருக்கா சங்கத்துக்கு மாத்தி விட்டுட்டிருந்தேன்.

ராமசாமி ஐயா: நாளைக்கே கிழிங்க. சங்கப் பேர்ல இருக்கிற கணக்குக்குப் பேங்குலயே கியூஆர் தருவாங்க. பதிவுச் சான்று, பைலா (சங்க விதிகள்), தீர்மான நகல், சங்கத்தோட பான் கார்டு எடுத்துட்டுப் போங்க. தலைவர், செயலாளர், பொருளாளர்னு மூணு பேர்ல எந்த ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டாலும் பணம் எடுக்கலாம்னு தீர்மானத்துல இருக்கட்டும். தலைவரும் செயலாளரும் மட்டும்னு எழுதிட்டா ஒருத்தர் ஊருக்குப் போனாலும் நின்னு போயிரும். அப்புறம் வெத்துச் செக்குல கையெழுத்து வாங்கி வைக்கிற பழக்கம் வந்துரும்.

தேவி: வவுச்சர்ல ஒண்ணு. விபத்து உதவி 10,000 குடுத்ததுக்கு வாங்குனவர் கையெழுத்து இருக்குது, ரெவின்யூ ஸ்டாம்ப் இல்ல.

ராமசாமி ஐயா: 5,000க்கு மேல போனா ஒரு ரூபா ஸ்டாம்ப் ஒட்டி அதுமேல கையெழுத்து வேணும். மினிட் புக்குல எந்தத் தேதித் தீர்மானம்னும் வவுச்சர்ல குறிச்சுருங்க. டீச் செலவை வரி வரியா எழுதுறாங்க, பத்தாயிரத்துக்கு ஒத்தை வரி!

ஜாகிர்: ஆயுத பூஜை வசூலும் இதே ரசீது புக்குலதான் போட்டிருக்குது.

தேவி: பிரிச்சுட்டேன். சந்தாக் கூட்டுல அது சேரல. அதுக்குத் தனி வரவு, தனி செலவுன்னு காட்டிரலாம்.

ராமசாமி ஐயா: இந்த வருசத்துல இருந்து வேற கலர்ல புக்கே அடிச்சுருங்க. கவுன்சிலருக்கு ஃப்ளெக்ஸ் வெச்ச 1,800 எந்தக் கணக்கு?

குமரேசன்: பொது நிதிலதானுங்க...

ராமசாமி ஐயா: ஆகாது. அரசியல் செலவுக்குத் தனி நிதி வேணும். விருப்பப்பட்டவங்க மட்டும் அதுக்குக் குடுக்கலாம், குடுக்காதவங்களைச் சங்கத்துல ஒதுக்கக் கூடாது. அந்த 1,800ஐ ஃப்ளெக்ஸ் வைக்கச் சொன்னவங்க திருப்பிக் கட்டி ரசீது வாங்கிக்கட்டும். அறிக்கைல ‘திரும்ப வந்தது’ன்னு தெரியட்டும், மறைக்க வேண்டாம்.

குமரேசன்: சரிங்க. நானே கட்டிர்றேன்.

ஜாகிர்: சாதா உறுப்பினர் வந்து புக்கைக் காட்டுன்னா காட்டோணுங்களா?

ராமசாமி ஐயா: காட்டியே ஆகோணும். பழைய சட்டத்துல 20ஆம் பிரிவு, புதுசுல 19. கணக்குப் புக்கும் உறுப்பினர் பட்டியலும், பைலால சொன்ன நேரத்துல. நம்ம பைலால மாசத்து முதல் ஞாயிறு 10 மணின்னு இருக்குது. யார் வந்து பார்த்தாங்கன்னு ஒரு நோட்டுல கையெழுத்து வாங்கிக்கங்க. புக்கை வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

இன்னொண்ணு. பணத்தைக் கையாண்டவர் தணிக்கைல உக்காரக் கூடாது. சம்பத் பக்கத்துல இருந்து பதில் சொல்லலாம், அவ்வளவுதான். தொழிற்சங்கப் பதிவாளருக்குப் போற ஆண்டறிக்கையோட நிர்வாகிகள் மாறுன பட்டியலும் திருத்துன பைலா நகலும் சேரோணும். நம்ம நகல்ல ஆபீஸ் முத்திரை வாங்காம வந்துராதீங்க. பதிவு ரத்துன்னு நோட்டீஸ் வந்தா காட்ட அது ஒண்ணுதான் இருக்கும்.

சம்பத்: ஐயா, 247 கிடைச்சுருச்சு!! வவுச்சர் ஃபைல் அட்டைக்குள்ள மடிஞ்சு கிடந்துச்சு. அசலும் அடிக்கட்டையும் ஒட்டியே இருக்குது. ரெண்டு மாசச் சந்தா, 100 ரூபா. போட்டோ போடறேன்.

சம்பத்: 📷 புகைப்படம்

தேவி: பணம் வாங்கியிருக்கு, பதிவேட்டுல ஏத்தியிருக்கு, அசலைக் குடுக்கல, கேஷ் புக்குல எழுதல. அந்த 740 சரியாப் போச்சு.

ராமசாமி ஐயா: கேஷ் புக்குல பழைய தேதில நுழைக்காதீங்க. கண்டுபிடிச்ச தேதி போட்டு, ‘ரசீது 247, விடுபட்டது’ன்னு எழுதுங்க. டிசம்பர் 31 அறிக்கைக்கு நான் தனியாக் குறிப்புப் போட்டுக்கறேன். சந்தாவை 34,750ன்னு மாத்துங்க, பாக்கி 49 மாசம், 2,450.

சம்பத்: அசலை அவருக்குக் காலைல குடுத்தர்றேங்கய்யா. கியூஆரை இப்பவே போய்க் கிழிக்கறேன்.