சினிமா செஃப்ங்க நிஜமாவே சமைக்கிறாங்களா?

பசிச்சவன்:
நேத்து நைட் ரூம்ல 'பாய்லிங் பாயிண்ட்' (2021) பார்த்தோம். லண்டன்ல ஒரு ரெஸ்டாரண்ட், மொத்தப் படமும் ஒரே ஷாட், எங்கயும் கட் இல்ல. எனக்கு கடைசி வரைக்கும் படபடன்னு இருந்துச்சு, ஆனா ஸ்டார் ஹோட்டல் கிச்சன்ல வேலை பார்க்குற ரூம்மேட் பாதி நேரம் சிரிச்சுட்டே இருந்தான், ஏன்டான்னா "சனிக்கிழமை நைட் எங்க கிச்சனுக்கு வந்து பாரு"ன்னுட்டு தூங்கப் போய்ட்டான். இந்த சமையல் படங்கள்ல எது நிஜம் எது பில்டப்? தொழில்ல இருக்குறவங்க யாராச்சும் சொல்லுங்க.

அடுப்படி ஆசாமி:
ப்ரோ 9 வருஷமா கிச்சன்லதான் குப்பை கொட்டுறேன். உங்க ரூம்மேட் சிரிச்சது படம் பொய்ன்னு இல்ல, நிஜம்னு. அந்தப் பட டைரக்டர் பிலிப் பரன்டினியே முன்னாடி செஃப் வேலை பார்த்தவர், அதான் ஆரம்பத்துலயே சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து ரெஸ்டாரண்ட்டோட சுத்தத்துக்கான ரேட்டிங்கை 5ல இருந்து 3க்கு இறக்குறான், காரணம் பெருசா ஒண்ணும் இல்ல, ரெக்கார்டு ஒழுங்கா எழுதல, அந்த மாதிரி சில்லறை விஷயம். நான் முதல்ல இருந்த இடத்துல ஃபிரிட்ஜ் டெம்பரேச்சரை தினமும் குறிக்க வேண்டிய நோட்டை மாசக் கடைசில ஒரே பேனாவுல 30 நாளைக்கும் சேர்த்து எழுதுவோம் 😅 வேற யாருக்கு இது தோணும்.

பில்டப் எதுன்னா நேரம். ஏழு மணி சர்வீஸுக்கு காலை பதினொண்ணுல இருந்து வெங்காயம் உரிக்கிறது, ஸ்டாக் (எலும்பு, காய் வேக வெச்ச சாறு) கொதிக்க விட்டு நுரை எடுக்குறது, பாத்திரம் கழுவுற அண்ணன் லீவு போட்டா நாமளே ஸிங்க்ல நிக்கிறது, இதெல்லாம் ரெண்டு செகண்ட் பாட்டுல ஓடிரும். அப்புறம் ஒரே டிஷ்ஷை ஒரு நைட்ல அறுபது தடவை ஒரே மாதிரி போடணும், அதுதான் வேலையே. சினிமால எப்பவும் ஒரே ஒரு பிளேட், அதை சாப்பிட்டவன் அழுவான்.

'ராட்டட்டூயி' (2007) கார்ட்டூன்னு விட்ராதீங்க. அதுல கொலெட்ங்கிற பொண்ணு செஃப் கிச்சனுக்குப் புதுசா வந்த பையனுக்கு சொல்லித் தர்றதெல்லாம், கையை உடம்போட ஒட்டி வை, உன் இடத்தை துடைச்சு வை, நல்ல பிரெட்டை மேல்தோல் நொறுங்குற சத்தத்துலயே கண்டுபிடி, அப்படியே எங்க சீனியர் திட்டுன மாதிரியே இருக்கும். அமெரிக்காவுல பேர்போன செஃப் தாமஸ் கெல்லர்கிட்ட கேட்டு செஞ்ச படம்.

கும்பகோணத்துக்காரி:
எங்கப்பா கல்யாண சமையல் கான்ட்ராக்ட். எனக்கு சினிமால கடுப்பாகுற ஒரே விஷயம் ஸ்பூன்ல எடுத்து ருசி பார்த்து கண்ணை மூடுறது. எங்கப்பா பந்தி முடியுற வரைக்கும் ஒரு துளி வாயில வைக்க மாட்டார், உப்பு குறைச்சலான்னு சாம்பார் ஆவியிலயே சொல்லிருவார். 'மைக்கேல் மதன காமராஜன்'ல (1990) மீன் சாம்பார்ல விழுற சீனுக்கு ஊரே சிரிக்கும், எங்க வீட்ல அப்பா மட்டும் சிரிக்க மாட்டார், "அண்டா அண்டாவா கொட்டணுமே"ன்னு டென்ஷன் ஆயிருவார் பாவம்.

சும்மா_வந்தேன்:
அக்கா செம 😂 ஆனா எல்லாத்தையும் பில்டப்னு சொல்ல முடியாது. 'பிக் நைட்' (1996) கடைசி சீன் பாருங்க. முந்தின நைட் பெரிய விருந்து, சண்டை, எல்லாம் முடிஞ்சு விடிகாலைல நடிகர் ஸ்டான்லி டூச்சி முட்டை உடைச்சு அடிச்சு ஆம்லெட் போட்டு மூணு பேருக்கு பிரிச்சுக் கொடுப்பார். கேமரா பெருசா நகராது, பேச்சும் கிட்டத்தட்ட இல்ல, அவரே நிஜமா போடுறார். அதே மாதிரி 'செஃப்' (2014) முடிஞ்சு பேர் ஓடும்போது எழுந்து போய்டாதீங்க, ராய் சோய் பக்கத்துல நின்னு படத்தோட ஹீரோவும் டைரக்டருமான ஜான் ஃபேவ்ரோவுக்கு சீஸ் சாண்ட்விச் சுடச் சொல்லித் தர்றது இருக்கும், ஃபுட் டிரக்குக்கே பேர்போன ஆள் அவர். ஒரு சாண்ட்விச்சுக்கு அவ்ளோ பொறுமையான்னு இருக்கும்.

அடுப்படி ஆசாமி:
ஆம்லெட் ஒத்துக்குறேன் ப்ரோ. கையை பார்த்தாலே தெரிஞ்சுரும், தெரியாதவன் வாணலியை ஆட்டிக்கிட்டே இருப்பான், தெரிஞ்சவன் சும்மா நிப்பான்.

பசிச்சவன்:
ரூம்மேட்டை எழுப்பி அந்த ஆம்லெட் சீனை காட்டினேன். முழுசா பார்த்துட்டு ஒண்ணும் சொல்லல, நேரா போய் முட்டை இருக்கான்னு பார்க்குறான்.