கொழும்புத் தோட்டத்து வீடுகள்: உங்கட அனுபவம் என்ன?

கொட்டாஞ்சேனைப் பேரன்
எங்கட தாத்தாவுக்கு ஒரு தோட்டத்தில, அதாவது நெருக்கமான சின்ன வீடுகள் இருக்கிற குடியிருப்பில, வரிசையா வாடகை வீடுகள் இருந்தது. 1972 வாடகைச் சட்டத்தோட வாடகையைக் கூட்டவும் ஏலாது, ஆளை எழுப்பவும் ஏலாது. அடுத்த வருஷமே வீட்டு உச்சவரம்புச் சட்டம். தாய் தகப்பனுக்கு ரெண்டு வீடு, தங்கி வாழுற பிள்ளைக்கு ஒண்டு, அதுக்கு மேல இருக்கிறது அரசாங்கத்துக்கு. வர்ற வாடகையில ஓடு மாத்தக் காணாதெண்டு தாத்தா பழுது பாக்கிறதையே விட்டுட்டார். கூரை ஒழுகினது குடியிருந்த சனத்துக்குத்தான். அவரை நான் நியாயப்படுத்தேல்ல. ஆனா கொழும்புத் தோட்டங்கள் ஏன் அப்பிடிப் பாழாப்போச்செண்டு கேக்கிறவங்க இதையும் பாக்கணும்.

வனாத்தமுல்லை மருமகள்
என்ட மாமனார் மற்றப் பக்கம். அந்தச் சட்டத்தாலதான் குடியிருந்த வீடு அவருக்குக் கிடைச்சது. பிறகு மேல ஒரு அறை கட்டினார், மாநகரசபைக்குச் சோலைவரியும் (வீட்டு வரி) ஒழுங்காச் செலுத்தினார். பிறகு தோட்டத்துச் சனத்தை எழுப்பி மாடி வீடுகளுக்கு மாத்தவெண்டு அதிகாரிமார் வந்து கதவில சோக்கால நம்பர் எழுதேக்க, பிஸ்கட் டின்னில இருந்த வரி ரசீதெல்லாத்தையும் மேசையில கொட்டினார். பென்சிலால ஓரத்தில தேதி குறிச்சு வச்ச ரசீதுகள். ஒருத்தரும் எடுத்துப் பாக்கேல்ல. எங்கட கூரைக்குக் கீழ மூண்டு அடுப்பு, மூண்டு குடும்பம்; தந்தது மாடியில ஒரே வீடு, நானூறு சதுர அடி சொச்சம். அதுக்கும் முதல்ல ஒரு லட்சம், பிறகு மாசம் 3,960 ரூபா, 20 வருஷத்துக்கு. சொந்த வீட்டுக்காரர் தவணைக்காரரானார். குறை மட்டும் சொல்ல வரேல்ல: வெள்ளம் வராது, கக்கூஸ் உள்ளுக்க. லிஃப்ட் நிண்டா மட்டும் மாமி கீழ இறங்கமாட்டா.

மருதானை
அரசியலையும் பாருங்க. 73 சட்டம் வரேக்க வீடமைப்பு அமைச்சர் பீட்டர் கெனமன். 84இல பத்து லட்சம் வீட்டுத் திட்டம் தொடங்கினவர் அப்ப பிரதமரா இருந்த பிரேமதாச. ரெண்டு பேரும் மத்திய கொழும்பு எம்பிமார், 1970 பாராளுமன்றத்தில ஒரே தொகுதிக்கு ஒண்டா இருந்தவங்க. தோட்டத்துச் சனத்தின்ட வோட்டு இல்லாம அங்க வெல்ல ஏலாது. 2010இல நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சுக்குக் கீழ போச்சு. யுத்தம் வெண்டவங்களுக்கு எங்கட தோட்டத்து வோட்டு என்னத்துக்கு? அக்கா, மாடி வீட்டு உறுதிப்பத்திரம் கைக்கு வந்துதா?

வனாத்தமுல்லை மருமகள்
இல்லை தம்பி. பராமரிப்புக் காசுத் துண்டு மட்டும் மாசம் தவறாம வருது.