பம்ப்–புரோப்: உசுப்பொளி, உளவொளி என்று வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பம்ப்–புரோப் என்பது, ஒரு லேசர் துடிப்பால் (பம்ப்) வேதிவினையைத் தொடங்கிவைத்து, பின்னால் விடும் இன்னொரு துடிப்பால் (புரோப்) என்ன நடக்கிறது என்று பார்க்கும் முறை. போன மடலில் இதற்கு 'ஏற்று–ஆய்வு முறை' என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அது ஒட்டவில்லை. தர்மபுரியில் தமிழ்வழி மாணவர்களுக்கு வேதியியல் எடுக்கிறேன், இந்த முறையில் வேதிவினைகளை ஆராய்ந்த அகமது ஸெவெய்ல் பற்றிய பாடம் இந்த வாரம்தான் ஆரம்பித்தேன். பலகையில் 'பம்ப்' என்று எழுதினேனோ இல்லையோ, கடைசி பெஞ்சிலிருந்து "எத்தனை ஹெச்.பி. சார்?" என்று ஒரு குரல். ஆயிரம் அடிக்கு போர் போட்டும் வெறும் புழுதி வருகிற ஊரில் பம்ப் என்றால் வேறென்ன நினைப்பான்? 'ஏற்று' என்றாலும் இதே கதைதான், தண்ணீர்தான் ஏறும்.

சரி, அங்கே நடப்பது என்ன என்று பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வருவோம். 1987இல் அமெரிக்காவின் கால்டெக்கில் (கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகம்) ஸெவெய்ல் குழு அயோடின் சயனைடு ஆவியில் ஒரு லேசர் துடிப்பை விட்டது. அது பட்டதும் அயோடினுக்கும் கார்பனுக்கும் நடுவிலுள்ள பிணைப்பு இழுபடத் தொடங்குகிறது. கடிகாரம் ஓடத் தொடங்குவதும் அப்போதுதான். பின்னாலேயே இரண்டாவது துடிப்பு. அதன் அலைநீளம் 388 நானோமீட்டரை ஒட்டி இருந்தால், பிரிந்து வந்த சயனோ துண்டு (கார்பனும் நைட்ரஜனும் சேர்ந்த CN) அதை விழுங்கி ஒளிரும், அந்த ஒளிர்வுதான் சேதி. பிணைப்பு அறுபட ஏறக்குறைய 200 ஃபெம்டோ நொடி ஆனது. ஃபெம்டோ என்பது டேனிஷ் மொழியில் பதினைந்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, நொடியை 10-இன் 15-ஆம் அடுக்கால் வகுத்தால் ஒரு ஃபெம்டோ நொடி.

இவ்வளவு வேகத்துக்கு மின்னணுக் கடிகாரம் எதுவும் ஈடுகொடுக்காது. அதனால் இரண்டாவது துடிப்பைக் கொஞ்சம் கூடுதல் தூரம் நடக்கவிடுகிறார்கள். கண்ணாடியை 15 மைக்ரான் பின்னுக்குத் தள்ளினால் ஒளி போக 15, வர 15 என்று 30 மைக்ரான் கூடும், 100 ஃபெம்டோ நொடி பிந்தும். தலைமுடித் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு நகர்த்தல்! வகுப்பில் இதைச் சொன்னபோதுதான் அந்த ஹெச்.பி. பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு புள்ளிதான் கிடைக்கும். கண்ணாடியை மறுபடி மறுபடி நகர்த்தி, சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து, புள்ளிகளைக் கோத்தால்தான் படம். 'ஃபெம்டோ கேமரா' என்று நாம் அடித்துவிடுவது அந்த அளவுக்குப் பொய்.

இப்போது சொல். முதல் துடிப்புக்கு 'கிளர்வொளி' வைக்கலாம் என்றால், நம் பாடநூல்களில் எலக்ட்ரான் மேலே போவதும் கிளர்வு, வினை தாண்ட வேண்டிய ஆற்றலும் கிளர்வு ஆற்றல். இங்கே இரண்டும் ஒரே பக்கத்தில் வரும், பையன்கள் குழம்பிப்போவார்கள். 'உசுப்பொளி' என்பது என் பரிந்துரை. "நாலு மணிக்கு உசுப்பிவிடு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் படுத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொச்சை என்பீர்கள். இருக்கட்டுமே, தூங்கும் மூலக்கூறை எழுப்பி நேரத்தைத் தொடங்கிவைப்பது என்கிற பொருள் அப்படியே உட்காருகிறது.

இரண்டாவதற்குத் 'துருவொளி' நன்றாகத்தான் இருந்தது, ஆனால் வேதியியல் வகுப்பில் துரு என்றால் இரும்பு. 'உளவொளி' என்று வைத்தால் உள்ளே போய்ச் சேதி கொண்டுவரும் வேலையும் தெரிகிறது, முன்னதோடு மோனையும் அமைகிறது. ஒரு குறை உண்டு, ஒத்துக்கொள்கிறேன்: உளவாளி கண்ணில் படாமல் திரும்ப வேண்டும், இந்த ஒளியோ தான் பார்க்கும் துண்டையே உலுக்கிவிடுகிறது. 'பார்வையொளி' என்றால் அந்தக் குறை இன்னும் பெரிதாகும்.

ஸெவெய்ல் எகிப்தில் நைல் கழிமுகத்துத் தமன்ஹூரில் 1946இல் பிறந்து, பக்கத்து தெசூக்கில் வளர்ந்து, அலெக்சாந்திரியாவில் படித்து அமெரிக்கா போனவர். 1999இல் வேதியியல் நோபல் பரிசு அவர் ஒருவருக்கே. இதைச் சொன்னால் இங்கே தாலுகா ஊர்களிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் காது கொடுக்கிறார்கள்.

மிச்சமிருப்பது இரண்டு துடிப்புகளுக்கும் நடுவிலுள்ள அந்தப் பொழுது. 'தாமதம்' என்றால் பஸ் லேட் மாதிரி இருக்கிறது. 'பிந்தல்' என்று குறித்து வைத்திருக்கிறேன், மனசு முழுசாக ஒப்பவில்லை. திங்கட்கிழமை முதல் பீரியட் அதுதான், யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் அதற்குள் அனுப்புங்கள்.