மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன், இங்கிலாந்தில் துணைக்கு ஆள் இல்லை என்றால்

ஊரில் என்றால் ஆபரேஷன் முடிந்து சில நாளாவது வார்டில் வைத்திருப்பார்கள், கூடவே அம்மாவோ அண்ணியோ ஃபிளாஸ்க்கும் கையுமாக உட்கார்ந்திருப்பார். இங்கே மார்பகத்தை முழுதாக எடுத்தால்கூட பெரும்பாலும் அன்று மாலையோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அலட்சியம் என்று நினைத்துப் பதற வேண்டாம், இங்கே வழக்கமே அதுதான். ஆனால் நர்ஸ் பார்க்கிற வேலையில் பாதி உங்கள் கைக்கு வந்துவிடும், அதற்குத் தயாராக இருங்கள். இன்னொன்று, இந்த ஊரில் கேட்டால் நிறைய கிடைக்கும், கேட்காதவரை யாரும் தேடி வந்து தரமாட்டார்கள்.

முதலில் பிரெஸ்ட் கேர் நர்ஸ். நோய் இன்னது என்று சொல்லும் நாளிலேயே பொதுவாக இவரை அறிமுகப்படுத்தி நம்பர் கொடுப்பார்கள். சர்ஜனைவிட இவர்தான் உங்களுக்கு முக்கியம். காயம், வலி, அடுத்த அப்பாயின்ட்மென்ட், மனசு சரியில்லை என்பது உட்பட எதற்கும் ஜிபி, அதாவது நம் பகுதி குடும்ப டாக்டர், வாசலில் காத்திருக்காமல் நேரே இவரைக் கூப்பிடலாம். மனைவிக்கு ஆங்கிலம் சரளமில்லை என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்னாலேயே சொல்லுங்கள், செலவு ஆஸ்பத்திரியுடையது. நான் இருக்கேனே, நானே சொல்லிடறேன் என்று கிளம்பாதீர்கள். கணவன் நடுவில் நின்றால் மனைவி கேட்க நினைத்ததில் பாதி கேட்கப்படாமலே போகும்.

உடை. முன்பக்கம் திறக்கிற துணியாகக் கொண்டுவரச் சொல்வார்கள், ஏனென்றால் கையைத் தூக்கிச் சுடிதார் போட முடியாது. நம்ம ஊர் முன்-ஜிப் நைட்டி இதற்கென்றே தைத்தது மாதிரி இருக்கும், யாராவது சென்னையிலிருந்து வந்தால் நாலைந்து வாங்கிவரச் சொல்லுங்கள். தாலி, வளையல், மூக்குத்தி எல்லாம் ஆபரேஷனுக்கு முன் கழற்றச் சொல்வார்கள். மோதிரம் என்றால் டேப் ஒட்டி விட்டுவிடுவதுண்டு, கழுத்தில் கிடப்பதைப் பெரும்பாலும் விடமாட்டார்கள். ஊரில் பெரியவர்கள் சகுனம் பார்ப்பார்கள் என்றால் இதை அவர்களிடம் முன்பே பேசி முடித்துவிடுங்கள், ஆபரேஷன் காலையில் வீடியோ கால் வைத்து அந்தப் பஞ்சாயத்து வேண்டாம்.

வீட்டுக்கு வரும்போது சிலருக்கு காயத்தில் ஊறும் நீரை வெளியே எடுக்கும் டிரெயின் குழாயும் அது சேரும் பாட்டிலும் இருக்கும். தினமும் ஒரே நேரத்தில் அளவையும் நிறத்தையும் குறித்து வையுங்கள், அதைப் பார்த்துத்தான் எப்போது எடுப்பது என்று முடிவு செய்வார்கள். குழாய் எடுத்தபின் அந்த இடத்தில் நீர் கோத்து வீங்குவது சகஜம், நர்ஸிடம் சொன்னால் தேவைப்பட்டால் ஊசியால் எடுத்துவிடுவார்கள். காயம் சிவந்து சூடாக இருந்தாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டாலோ விடியட்டும் என்று பொறுக்காமல் கொடுத்திருக்கும் நம்பருக்கு அடியுங்கள், எடுக்கவில்லை என்றால் 111, அது என்ஹெச்எஸ் என்கிற அரசு மருத்துவ சேவையின் ஃபோன் உதவி எண். கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தாலும் அன்றே கூப்பிடுங்கள், ரத்தக்கட்டாக இருக்கலாம். திடீரென்று மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் யோசிக்கவே வேண்டாம், ஆம்புலன்ஸுக்கு 999.

கைப் பயிற்சித் தாள் ஒன்று தருவார்கள். வலிக்கிறது என்று அதை விட்டால் தோள் இறுகிப்போகும், ரேடியோதெரபிக்குக் கையைத் தலைக்கு மேல் வைத்துப் படுக்க முடியாமல் அவஸ்தைப்படுவார். வலி மாத்திரை போட்டு அரை மணி கழித்துச் செய்யச் சொல்லுங்கள். 10 கிலோ அரிசி மூட்டை, கிரைண்டர், ஈரத்துணி வாளி எல்லாம் இனி உங்கள் வேலை. அக்குள் நெறிக்கட்டிகளையும் எடுத்திருந்தால் அந்தக் கை பின்னாளில் வீங்க வாய்ப்புண்டு, அதனால் தாளிக்கும்போது எண்ணெய் தெறிப்பது, கத்தி கீறுவது இதற்கெல்லாம் கொஞ்சம் கவனம் வேண்டும். தலை வாரிப் பின்னிவிடக் கற்றுக்கொள்ளுங்கள், யூடியூபில் இருக்கிறது, கேலி செய்தால் செய்யட்டும்.

கோடீன் கலந்த வலி மாத்திரை மலச்சிக்கலைக் கொண்டுவரும். தண்ணீர், கீரை, பழம், அதற்கும் மசியாவிட்டால் ஃபார்மசியில் கேளுங்கள். சாப்பாட்டில் மஞ்சள், மிளகு ரசம் தாராளமாக. ஆனால் மஞ்சள் கேப்சூல், முள்சீத்தா இலைக் கஷாயம் என்று வாட்ஸ்அப்பில் சித்தப்பா அனுப்புவதை டாக்டரிடம் கேட்காமல் கொடுக்க வேண்டாம், பின்னால் கீமோ இருந்தால் மருந்தோடு மோதக்கூடும். ஊருக்குச் செய்தி சொல்ல ஒரே ஒரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள், எல்லாருக்கும் நீங்களே பதில் சொன்னால் தூங்க நேரம் இருக்காது.

பணமும் விசாவும். விசாவோடு சேர்த்து வருஷத்துக்கு 1,035 பவுண்ட் ஹெல்த் சர்சார்ஜ் என்ற மருத்துவக் கட்டணம் கட்டித்தானே வந்தோம், அதனால் ஆபரேஷனுக்கோ கீமோவுக்கோ பில் வராது, பிற்பாடு ஐஎல்ஆர் என்கிற நிரந்தரக் குடியிருப்பு உரிமைக்கும் இது குறுக்கே நிற்காது. புற்றுநோய் நோயாளிக்கு இங்கிலாந்தில் மருந்துச் சீட்டுக்கும் காசில்லை, ஜிபியில் எஃப்பி92ஏ என்ற விலக்குக்கான விண்ணப்பப் படிவம் கேட்டு வாங்குங்கள், அதில் கிடைக்கும் விலக்கு ஐந்து வருஷத்துக்குச் செல்லும். நோயாலோ ஊனத்தாலோ சிரமப்படுபவர்களுக்கு அரசு தரும் பிப் மாதிரியான உதவித்தொகை நம் வேலை விசாவில் கிடையாது, விண்ணப்பிக்காதீர்கள். 2024 ஏப்ரல் முதல் வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே வருஷத்துக்கு ஒரு வாரம் கேரர்ஸ் லீவு, அதாவது வீட்டு நோயாளியைக் கவனிக்க லீவு எடுக்கும் உரிமை உண்டு, சம்பளம் கிடையாது. அதற்குமேல் சம்பளமில்லாத லீவு எடுக்கும்முன் ஹெச்ஆரிடம் பேசுங்கள்: ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருப்பவர் ஒரு காலண்டர் வருஷத்தில் நாலு வாரத்துக்கு மேல் அப்படி இருந்தால் விசாவுக்கு கம்பெனி கொடுத்த ஸ்பான்சர்ஷிப்புக்கே சிக்கல் வரலாம். தனக்கே உடம்பு சரியில்லாமல் எடுக்கும் லீவுக்கு அந்தக் கணக்கு இல்லை, ஆகவே விசா மனைவி பேரில் என்றால் அவர் பயப்படத் தேவையில்லை.

மாமியாரையோ அம்மாவையோ வரவழைப்பதானால் ஆபரேஷன் தேதி கிடைத்த அன்றே விசிட்டர் விசாவுக்குப் போடுங்கள். தேதியும் சிகிச்சை விவரமும் எழுதி ஆஸ்பத்திரியில் ஒரு கடிதம் கேளுங்கள், நர்ஸிடம் சொன்னால் ஏற்பாடு செய்வார். வருகிறவருக்கு டிராவல் இன்ஷூரன்ஸ் கட்டாயம் எடுங்கள், சுகரும் பிரஷரும் இருப்பதை மறைக்காமல் சொல்லி எடுங்கள். விசிட்டராக வந்தவர் இங்கே அட்மிட் ஆனால் என்ஹெச்எஸ் வழக்கமான செலவில் 150 சதவீதம் பில் போடும்.