லினக்ஸ் மின்ட் நிறுவும்போது எஸ்எஸ்டி தெரியவில்லை, 1 டிபி வட்டு மட்டும் தெரிகிறது: உதவி தேவை

தாமிரபரணி:

வணக்கம். அப்பாவின் லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் 22.2 (விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம்) நிறுவ இரண்டு நாளாகப் போராடிக்கொண்டிருக்கிறேன். 2017இல் வாங்கியது. இன்டெல் ஐ5 ஏழாம் தலைமுறை, 8 ஜிபி ரேம், விண்டோஸ் இருக்கும் 256 ஜிபி என்விஎம்இ (வேகமான வகை) எஸ்எஸ்டி, அதோடு 1 டிபி ஹார்டு டிஸ்க். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஏழாம் தலைமுறைச் செயலி என்பதால் விண்டோஸ் 11 ஏறாது. ஆனால் லேப்டாப்பில் ஒரு குறையும் இல்லை. அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். 30 ஆண்டுகள் ஒரே குடையை வைத்திருந்தவர். ஓடுகிற பொருளைத் தூக்கிப்போட ஒப்பமாட்டார். விண்டோஸும் இருக்கட்டும், பக்கத்தில் லினக்ஸும் இருக்கட்டும் என்பது ஏற்பாடு.

ரூஃபஸ் என்ற மென்பொருள் கொண்டு பென்டிரைவ் தயாரித்தேன். அதிலிருந்து தொடங்கினால் மின்ட் அழகாக வருகிறது. வைஃபை, ஒலி, தொடுபலகை எல்லாம் வேலை செய்கின்றன. நிறுவத் தொடங்கினால்தான் சிக்கல். எல்லாரும் சொல்கிற ‘விண்டோஸோடு சேர்த்து நிறுவு’ என்ற தெரிவே வரவில்லை. ‘எரேஸ் டிஸ்க்’, ‘சம்திங் எல்ஸ்’ இரண்டுதான். இரண்டாவதில் போய்ப் பார்த்தால் பட்டியலில் 1 டிபி வட்டும் பென்டிரைவும் மட்டும். எஸ்எஸ்டி இருக்கிற தடயமே இல்லை. மின்ட்டின் ஐஎஸ்ஓ (நிறுவல்) கோப்பை மறுபடி இறக்கிச் சரிபார்த்தேன், பென்டிரைவை மாற்றினேன், செக்யூர் பூட் என்ற தொடக்கப் பாதுகாப்பை அணைத்தேன். அதே கதை. எஸ்எஸ்டி சாகப்போகிறதா? விண்டோஸில் மட்டும் ஒழுங்காக இருக்கிறதே?

கறுப்புத்திரை:

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: ‘எரேஸ் டிஸ்க்’ பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள். இப்போது நிறுவியின் கண்ணுக்குத் தெரிவது அந்த 1 டிபி வட்டு ஒன்றுதான். அழிப்பதானால் அதைத்தான் அழிக்கும். அதில் என்ன வைத்திருக்கிறீர்கள்?

எஸ்எஸ்டி சாகவில்லை, ஒளிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். பென்டிரைவிலிருந்து மின்ட்டைத் தொடங்கி, டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரம்) சூடோ (நிர்வாகி உரிமை) போட்டு, கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) பதிவைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையை ஓட்டுங்கள். நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும், பயப்பட வேண்டாம். அதில் ‘ரீமேப்டு’ என்ற சொல் உள்ள வரியைத் தேடி இங்கே எழுதுங்கள்.

தாமிரபரணி:

படித்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. தங்கையின் கல்யாணப் படங்கள், அப்பா 2003 முதல் தட்டச்சு செய்த வினாத்தாள்கள், எல்லாம் அந்த 1 டிபி வட்டில்தான் இருக்கின்றன. நேற்று இரவு ‘எரேஸ் டிஸ்க்’ என்றால் பென்டிரைவை அழிக்கும் போலிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டு, கடைசிப் பொத்தான் வரைக்கும் போனேன். அப்பா காப்பி கேட்டதால் எழுந்தேன்.

நீங்கள் சொன்ன வரி இருக்கிறது. இரண்டு வரிகள்:

‘ஃபவுண்ட் 1 ரீமேப்டு என்விஎம்இ டிவைசஸ்.’
‘ஸ்விட்ச் யுவர் பயாஸ் ஃப்ரம் ரெய்டு டு ஏஎச்சிஐ மோட் டு யூஸ் தெம்.’

பயாஸில் ரெய்டை ஏஎச்சிஐ ஆக்கு என்று பதிலை அதுவே எழுதி வைத்திருக்கிறது! இரண்டு நாளாக நான் வேறெங்கெல்லாமோ தேடிக்கொண்டிருந்தேன்.

வேகநடை:

அவ்வளவுதான் தம்பி. பயாஸுக்குள் (கணினி எழும்போதே திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கம்) போய் சாட்டா என்ற இடத்தில் ரெய்டு என்பதை ஏஎச்சிஐ ஆக்கிச் சேமித்துவிட்டு வாருங்கள். இரண்டு நிமிட வேலை.

தாமிரபரணி:

மாற்றினேன். மின்ட்டில் எஸ்எஸ்டி தெரிகிறது! ஆனால் விண்டோஸுக்குப் போனால் நீலத்திரை. ‘இன்னாக்சஸிபிள் பூட் டிவைஸ்’ என்கிறது. மூன்று முறை தானாக அணைந்து எழுந்து, சரிசெய்கிறேன் என்று சொல்லி, முடியவில்லை என்றும் சொல்லிவிட்டது. அப்பா பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். தயவுசெய்து யாராவது சொல்லுங்கள்.

(நான் தம்பி இல்லை, தங்கை.)

கறுப்புத்திரை:

பதறாதீர்கள், எதுவும் அழியவில்லை. பயாஸில் மறுபடியும் ரெய்டு என்றே வைத்துச் சேமியுங்கள். விண்டோஸ் பழையபடி எழுந்துவிடும். எழுந்ததும் எழுதுங்கள். அதற்குள் காரணத்தைச் சொல்கிறேன்.

உங்கள் லேப்டாப்பில் ரெய்டு என்று பெயர்தான். இரண்டு வட்டுகளையும் சேர்த்துக் கட்டிய உண்மையான ரெய்டு அங்கே இருக்காது. அந்த நிலையில் என்விஎம்இ வட்டு நேராக வெளியே தெரியாமல், சாட்டா கட்டுப்படுத்தியின் (வட்டுகளை இணைக்கும் பகுதி) முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறது. இன்டெல் ஆர்எஸ்டி என்ற வட்டு இயக்கி (டிரைவர்) உள்ள விண்டோஸுக்குப் பின்னால் ஆள் நிற்பது தெரியும். லினக்ஸுக்கு முன்னால் இருப்பவர் மட்டும்தான் தெரியும். பின்னால் ஒருவர் நிற்கிறார் என்று கெர்னல் பதிவில் எழுதிவைப்பதோடு சரி.

ஏஎச்சிஐக்கு மாற்றினால் வட்டு வெளியே வந்துவிடும். ஆனால் விண்டோஸ் தொடங்கும்போதே பழைய இயக்கியைத்தான் ஏற்றும். அந்த வழியில் வட்டு இல்லாததால் நீலத்திரை. அதைச் சேஃப் மோடில் (அடிப்படை இயக்கிகளோடு மட்டும் எழும் நிலை) ஒரு தடவை எழுப்பிவிட்டால் புதிய நிலைக்கு வேண்டிய இயக்கியைத் தானே எடுத்துக்கொள்ளும். வேகநடை சொன்னது தவறில்லை. நடுவில் ஒரு படியை விட்டுவிட்டார்.

தாமிரபரணி:

விண்டோஸ் எழுந்துவிட்டது. அப்பா நாற்காலியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கறுப்புத்திரை:

நல்லது. இனி அவசரமில்லாமல் செய்வோம். முதலில் 1 டிபி வட்டில் உள்ளதை வெளி வட்டு ஒன்றில் நகல் எடுங்கள். அது முடியும்வரை அடுத்த வேலை வேண்டாம்.

பிறகு விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியைத் திறந்து, ‘பூட்’ தாவலில் ‘சேஃப் பூட்’ கட்டத்தில் குறியிடுங்கள். ஷட்டவுன் வேண்டாம், ரீஸ்டார்ட் கொடுங்கள். எழும்போதே பயாஸுக்குள் நுழைந்து ஏஎச்சிஐ ஆக்கிச் சேமியுங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் வரும். அங்கே அதே குறியை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட். வழக்கம்போல் எழுந்தால் முடிந்தது. சேஃப் மோடில் பின் எண்ணைச் சில நேரம் ஏற்காது, அப்பாவின் கணக்குக் கடவுச்சொல்லை முன்னதாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பனையோலை:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பயாஸில் கைவைப்பதற்கு முன்னால் பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுக் குறியாக்கம்) பார்த்தீர்களா? வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால், இப்படி மாற்றியதும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்க வாய்ப்புண்டு. நான் அனுபவப்பட்டவன். சாவி இருந்த மின்னஞ்சலின் கடவுச்சொல் அந்த லேப்டாப்புக்குள்ளேயே இருந்தது. பெட்டிக்குள் சாவியை வைத்துப் பெட்டியைப் பூட்டிய கதை. விண்டோஸ் அமைப்புகளில் பார்த்து, குறியாக்கம் இருந்தால் சாவியைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள்.

விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் (வேகத் தொடக்கம்) வசதியையும் அணைத்துவிடுங்கள். அது இயங்கினால் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுக்கத் தூங்குவதில்லை, அரைத்தூக்கம்தான். அந்த நிலையில் விண்டோஸ் பகுதிகளை லினக்ஸில் திறந்தால் படிக்கலாம், எழுத முடியாது. மின்ட்டுக்கான இடத்தையும் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் வழியாகவே சுருக்கி ஒதுக்குங்கள். குறைந்தது 20 ஜிபி வேண்டும், 100 ஜிபி கொடுத்தால் நல்லது என்பது மின்ட்டின் கணக்கு. 256இல் 60 கொடுத்தால் அப்பாவுக்குப் போதும்.

தாமிரபரணி:

குறியாக்கம் இல்லை. மற்றதெல்லாம் சொன்ன வரிசையில் செய்தேன். நகல் எடுக்கவே ஒரு முழு மாலை ஆயிற்று. பின் எண்ணை ஏற்கவில்லை; கடவுச்சொல்லை அப்பா நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். இந்த முறை எஸ்எஸ்டியும் தெரிந்தது, ‘விண்டோஸோடு சேர்த்து நிறுவு’ என்ற தெரிவும் வந்தது. நிறுவி முடிக்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

ஆனால் லேப்டாப்பைத் தொடங்கினால் நேராக விண்டோஸுக்கே போகிறது. பயாஸின் பூட் வரிசையில் மின்ட் என்று ஒன்றும் இல்லை. விண்டோஸ் பூட் மேனேஜர், அதன் கீழே உபுண்டு. நான் உபுண்டு நிறுவவே இல்லையே?

பனையோலை:

அந்த உபுண்டுதான் உங்கள் மின்ட். மின்ட் 22 வரிசை உபுண்டு 24.04மீது கட்டப்பட்டது. பூட் பதிவில் தாய்வீட்டுப் பெயரையே போட்டுக்கொள்ளும். அதை மேலே ஏற்றுங்கள்.

தாமிரபரணி:

வந்துவிட்டது! இரண்டின் பெயரையும் காட்டி எது வேண்டும் என்று கேட்கிறது.

இன்னும் இரண்டு. மின்ட்டுக்குப் போய்த் திரும்பினால் விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போய்விடுகிறது. காலை பத்து மணிக்கு நாலரை என்கிறது. அடுத்து, அப்பா தமிழ்99 விசைப்பலகையில் அடிப்பவர். விசைப்பலகை அமைப்பில் ‘தமிழ்நெட் 99’ என்று இருந்ததைச் சேர்த்தேன். ‘அம்மா’ என்று அடித்தால் ‘அமமா’ என்று வருகிறது. முதல் சொல்லே இப்படியா என்கிறார்.

கறுப்புத்திரை:

கடிகாரம்: லேப்டாப்பின் உள் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கும். விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கும். வித்தியாசம் நமக்கு ஐந்தரை மணி. டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் கட்டளையில் செட்-லோக்கல்-ஆர்டிசி என்பதற்கு 1 கொடுங்கள். இது பரிந்துரைக்கப்படுவதல்ல என்று ஓர் எச்சரிக்கை காட்டும். கோடைக்கால நேர மாற்றம் உள்ள நாடுகளில் அது பெரிய தொல்லை. இந்தியாவில் அந்த மாற்றம் இல்லை, கவலைப்படாமல் செய்யலாம்.

பனையோலை:

தமிழ்99: நீங்கள் சேர்த்தது வெறும் விசை வரைபடம். ஒரு விசைக்கு ஓர் எழுத்து, அவ்வளவே அதன் அறிவு. அதே மெய் இரண்டு முறை வந்தால் முன்னதற்குப் புள்ளி வைப்பது தமிழ்99இன் விதி. முந்தைய எழுத்தை நினைவில் வைத்திருக்கிற உள்ளீட்டு முறைதான் அதைச் செய்ய முடியும். ஐபஸ் எம்17என் என்ற உள்ளீட்டு முறைத் தொகுப்பை நிறுவி, வெளியேறி மறுபடி உள்நுழைந்து, ஐபஸ் விருப்பங்களில் தமிழ் என்பதன் கீழுள்ள தமிழ்99ஐச் சேருங்கள். முன்பு சேர்த்த வரைபடத்தை நீக்கிவிடுங்கள், இரண்டும் சேர்ந்தால் குழப்பும்.

தாமிரபரணி:

கடிகாரம் சரி. ‘அம்மா’வும் சரி. அப்பா நாற்காலியைத் திரும்பக் கொண்டுவந்து போட்டு, ‘அப்பா’, ‘பட்டம்’, ‘தத்தை’ என்று ஒற்று மிகும் சொல்லாகத் தேர்ந்து அடித்துச் சோதித்தார். எல்லாவற்றிலும் புள்ளி விழுந்தது. இப்போது 2003இன் வினாத்தாளைத் திறந்து, பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு இல்லாமல் ஒரே ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிகிறதே என்று கூப்பிடுகிறார். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன். இதை ‘தீர்ந்தது’ என்று குறித்துவிடலாம். மூவருக்கும் நன்றி. வேகநடை அண்ணா, உங்களுக்கும்தான்.